ஏழு நிமிடம் நாற்பது வினாடி

கீழ்வீட்டுச் சண்டையை மேல்வீட்டுக்காரன் எழுதுவது நல்ல பழக்கமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சண்டை வீட்டில் தொடங்கியதில்லை. நாங்கள் மூன்று பேரும் வேலை பார்க்கிற இடத்தில் தொடங்கி, பஸ் ஏறி, படியேறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால் எனக்கும் அதில் பங்கு உண்டு. பங்கு இருப்பதால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குக் கேட்டாலும் யார் செய்தது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

வேலை பார்க்கிற இடம், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. வண்டிகள் நிற்கிற கொட்டகைக்கு மேலே இரண்டாவது மாடி. எட்டு மேசை, எட்டு தொலைபேசி, சுவரில் ஒரு பலகை. எத்தனை அழைப்பு காத்திருக்கிறது என்று பலகையில் எண் எரியும். மூன்றைத் தாண்டினால் சிவப்பாகும். நான் அங்கே வரைபடக்காரன். எந்தத் தெருவை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எந்தப் பாலத்தை மூடியிருக்கிறார்கள், எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். சனங்கள் ஒழுங்காக விலாசம் சொல்வார்கள் என்றா நினைக்கிறீர்கள்? 'சோப்புக் கம்பெனிக்கு எதிர்ல' என்பார்கள். சோப்புக் கம்பெனியை இடித்து இருபது வருஷம் ஆகிறது. என் வரைபடத்தில் அது இன்னும் இருக்கிறது, வேறு வழி?

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டி போய்ச் சேர்ந்தால் நம் கதை முடிந்தது. பிழைத்தாரா இல்லையா என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்; நாமும் கேட்கக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் அடுத்த போனை எடுக்கக் கை வராது என்பார்கள். ஆகவே அங்கே இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கும் தான் நன்றாகச் செய்தோமா, சொதப்பினோமா என்பது தெரியாது.

கீழ்வீட்டில் மூன்று பேர். பெயிண்டர், அவர் மனைவி, பெயிண்டருடைய தங்கை. தங்கையை அறையில் எல்லாரும் 'மூணாம் மேசை' என்றுதான் சொல்வோம். பதினான்கு வருஷமாக அதே மேசை. வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களிடம், "நாள் பூரா பேசி வாய் வலிக்குது, வீட்டுலயும் ஒருத்தர்கிட்டப் பேசணுமா?" என்று வாயை அடைத்துவிடுவாள். போன் எடுப்பதில் கெட்டிக்காரி. அதைவிடக் கெட்டிக்காரத்தனம், புதிதாக வருகிறவர்களைத் தயார் செய்வதில். பதினோரு பேரைத் தயார் செய்திருக்கிறாள். ஒருத்தர்கூட ஓடிப்போகவில்லை. பயிற்சிக்கென்று தனியாக ஒரு தலைமைப் பதவி உருவாக்கப் போகிறோம், அது உனக்குத்தான் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஒரு ஆளையும் தயார் செய்து கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் உத்தரவு.

அந்த ஒரு ஆள்தான் அவளுடைய அண்ணி.

அண்ணி பத்தொன்பது வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் வெட்டியவர். இரண்டு வருஷம் முன்னால் பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்தார். சாப்பாடு கொண்டுபோயிருந்த அண்ணிதான் அங்கிருந்து போன் போட்டார். எட்டாம் மேசையில் அப்போது ஒரு பையன் இருந்தான். போனை வைக்க வேண்டிய நேரத்தில் வைக்காமல், வண்டி வருகிறவரை பதினோரு நிமிஷம் அவரோடு பேசிக்கொண்டே இருந்தான். பெயிண்டர் பிழைத்து, இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஊன்றி நடக்கிறார். பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அண்ணிக்குத்தான் அந்தப் பதினோரு நிமிஷம் முடியவே இல்லை.

"காலர் வெட்டினேன் காலர் வெட்டினேன்னு இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. எவன் கழுத்துல இருக்குன்னுகூடத் தெரியாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "அந்தப் புள்ள சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு அப்படியே இருக்குதுங்க. செஞ்சா அந்த வேலைதான் செய்யணும்."

நாற்பத்தைந்து வயதில் புத்தகத்தைத் தூக்கினார். பெயிண்டர் கேள்வி கேட்க, இவர் பதில் சொல்ல, கீழ்வீட்டில் மூன்று மாதம் அதே பாட்டுதான். பிள்ளைகள் வயதில் இருந்தவர்களோடு உட்கார்ந்து எழுதித் தேறினார். "நானே சொல்லித்தர்றேன், என்னைவிட யாரு நல்லா சொல்லித்தருவா?" என்று மூணாம் மேசை தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேண்டாத வேலை என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொன்னால் கேட்கிற ஆளா?

பயிற்சி பன்னிரண்டு வாரம். ஒரே இணைப்பில் இரண்டு பேர் காதில் மாட்டிக்கொள்வார்கள். கற்றுக்கொள்கிறவருக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. கற்றுக்கொடுக்கிறவருக்குக் காது மட்டும்தான். எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரே குரல்தான் கேட்க வேண்டும், இரண்டு குரல் கேட்டால் மிரண்டுபோவார். ஆகவே கற்றுக்கொடுக்கிறவர் கையால் பேசுவார். மேசையில் ஒரு தட்டு தட்டினால், விலாசத்தை மறுபடி கேள். இரண்டு தட்டு தட்டினால், போதும், வை. வண்டி கிளம்பிவிட்டது, செய்ய வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்றால் வைத்துவிட வேண்டும். மூச்சு நின்றவர், பிரசவம், இந்த இரண்டுக்குத்தான் விலக்கு. பலகையில் அடுத்தவர் காத்திருக்கிறார் அல்லவா.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அண்ணி இவளை நீ, வா, போ என்பார். இவள் அவரை நீங்க என்பாள். அறைக்குள் நுழைந்ததும் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், இதை எப்படிப் பண்றது மேடம்?" என்பார். பெயிண்டருக்கு இதைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது. "வீட்டுல என் பொண்டாட்டி அதிகாரி, வேலையில என் தங்கச்சி அதிகாரி. எனக்கு எங்கேயும் பதவி இல்ல" என்பார்.

அண்ணியின் கை நல்ல கை. கத்துகிறவர்கள் அவரிடம் இரண்டு கேள்வியில் அடங்கிவிடுவார்கள். காலர் வெட்டிய பழக்கமோ என்னவோ, விலாசம் துல்லியமாக வாங்குவார். குறை ஒன்றே ஒன்று. தானாக வைக்க மாட்டார். மேசையில் இரண்டு தட்டு விழுந்தால்தான் வைப்பார். எட்டாவது வாரமும் அப்படித்தான், பத்தாவது வாரமும் அப்படித்தான். "வந்துடும், வந்துடும்" என்றாள் மூணாம் மேசை.

பன்னிரண்டாவது வாரம் புதன்கிழமை. நான்கு நாளாக மழை விடவில்லை. பாதித் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் என் திரையைவிட்டு எழுந்து மேசை மேசையாகப் போய் எந்த வழி அடைபட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் மூன்றாம் மேசைக்கு வந்தபோது, அண்ணி ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார், இடுப்பு அசையவில்லை, தனியாள். வண்டி கிளம்பியாகிவிட்டது, சுற்றிக்கொண்டு போக இருபது நிமிஷம் ஆகும். அசையாதீங்க, துண்டை எடுத்து மேல போட்டுக்கங்க என்று சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒன்றரை நிமிஷத்தில் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு அண்ணி பேசியது மட்டும்தான் கேட்டது.

"அப்படியாங்கய்யா... பல்பு கம்பெனியிலயா? ... எத்தனை வருஷம்? ... அடேயப்பா. அப்போ நாள் பூரா எரியுதா எரியுதான்னு பார்க்குறதுதான் வேலையா? ... இல்லைங்கய்யா, யாரு சொன்னா அது ஒரு வேலையில்லைன்னு? எங்க வீட்டுல எரியுற பல்புகூட நீங்க பார்த்து அனுப்பினதா இருக்கும்..."

பலகையில் நான்கு. சிவப்பு. ஆறு. ஒன்பது. மற்ற ஏழு மேசையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. நான் மூணாம் மேசையைப் பார்த்தேன். அவள் வலது கையைத் தூக்கியிருந்தாள். மேசைக்கு ஒரு சாண் மேலே. தூக்கியது தூக்கியபடி நின்றது. தட்டப்போகிறாள் என்று பார்த்தேன், தட்டவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று. நான் தட்டியிருக்கலாம், எனக்கும் கை இருக்கிறது. அது என் வேலையில்லை என்று நின்றேன். கடைசியில் கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் ஓடிவந்து இணைப்பைத் துண்டித்தார். ஏழு நிமிடம் நாற்பது வினாடி.

அந்த நேரத்தில் ஒரு பெண் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி மணி அடிக்கக் கேட்டுக்கொண்டே காத்திருந்திருக்கிறாள். குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது. அப்புறம் ஆறாம் மேசை எடுத்து, வண்டி போனது. குழந்தை என்ன ஆயிற்று? சொன்னேனே, யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் என் பால்கனித் தண்ணீர் அவர்கள் சமையலறையில் ஒழுகுகிறது என்று பெயிண்டர் ஜன்னலிலிருந்து கத்த, வாளியோடு கீழே போனேன். அண்ணி அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். மூணாம் மேசை சாப்பாட்டு மேசையருகில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாளே தவிர, வாயில் போடவில்லை. அவள் பையிலிருந்து எடுத்த பயிற்சித் தாள் பெயிண்டர் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள். படிக்க வேறொன்றும் கிடைக்காத மனிதர், சத்தமாகப் படித்தார்.

"ஒன்று, தனியாக அமரலாம். இரண்டு, அமரத் தகுதியில்லை, மறு வாய்ப்புக் கிடையாது. மூன்று, பயிற்சியில் குறை. வேறு பயிற்றுநரிடம் மேலும் நான்கு வாரம். இதென்ன மூணாவது?"

"அதை யாரும் போட மாட்டாங்கண்ணா" என்றாள் தங்கை. "போட்டா சொல்லிக்கொடுத்தவ சரியில்லைன்னு அர்த்தம். அப்புறம் அவளைப் பயிற்சிப் பக்கமே விட மாட்டாங்க."

அண்ணி அடுப்பை அணைத்தார். "நீ எதைப் போடப் போறே?"

"வெள்ளிக்கிழமைதானே அண்ணி."

"கைதான் வெள்ளிக்கிழமை எழுதும். மனசு இப்பவே எழுதியிருக்கும். சொல்லு."

"அண்ணி, ஒரு பொம்பளை குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு நின்னிருக்கா. நாம பல்பு கதை கேட்டுட்டிருந்தோம்."

"எனக்குத் தெரியாதா? மத்தியானத்துல இருந்து அந்தக் குழந்தைதான் கண்ணு முன்னால நிக்குது."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று பெயிண்டர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அண்ணி. "நீ சும்மா இருண்ணா" என்றாள் தங்கை.

நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"ஏன் வைக்கலைன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார் அண்ணி.

"ஏன் வைக்கலை?"

"நான் உங்க கையைத்தான் பார்த்துட்டிருந்தேன், மேடம்."

வீட்டுக்குள் அந்த மேடம் வந்ததும் பெயிண்டர்கூடத் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"பன்னிரண்டு வாரமா நீங்க தட்டினதும் போனை வச்சிருக்கேன் மேடம். அழுதுட்டிருந்தவங்ககிட்டகூடப் பாதியில வச்சிருக்கேன். கூப்பிடக் கூப்பிட வச்சிருக்கேன். இன்னிக்கு உங்க கை மேலயே நின்னுச்சு. சரி, இந்தப் பெரியவர் பேசட்டும்னு மேடமே சொல்றாங்கன்னு நினைச்சுட்டேன். தட்டியிருந்தா வச்சிருப்பேன்."

"தட்டினாத்தான் வைப்பீங்கன்னா, நாளைக்குத் தனியா உக்காரும்போது யார் தட்டுவா?"

"அது என் தப்பு. ஒத்துக்கறேன். நீ ஏன் தட்டலை? அதைச் சொல்லு."

மூணாம் மேசை ரொட்டித் துண்டுகளை ஒன்றாகக் கூட்டினாள். "கை வலி" என்றாள். பச்சைப் பொய். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான்கு முட்டையும் அப்படியே ஆறிப்போயின.

மறுநாள் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணி வேண்டுமென்றே முந்தின பஸ்ஸில் போய்விட்டார்.

"நீங்க பார்த்தீங்கல்ல? என் கையை?"

"பார்த்தேன்."

"என்ன நினைச்சீங்க?"

"நீ கொசு அடிக்கப் போறேன்னு நினைச்சேன்."

சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "ராத்திரி பூரா யோசிச்சேன். ஒண்ணும் பிடிபடலை. அமரலாம்னு போட்டா, அடுத்த மழைக்கு இன்னொரு குழந்தை நிக்கும். தகுதியில்லைன்னு போட்டா, அண்ணி மறுபடி காலர் வெட்டணும், நான் தட்டாததுக்கு அவங்க போகணும். மூணாவதைப் போட்டா..." நிறுத்தினாள். "போன் எடுக்குறது எனக்குப் பிடிச்ச வேலைன்னு நினைக்கிறீங்களா? இல்ல. ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வச்சு, மூணாவது வாரம் அவங்க கை நடுங்காம போனை எடுக்குறாங்க பாருங்க, அதுதான் என் வேலை. அதுக்காகத்தான் இத்தனை வருஷம் இருக்கேன். அதையே விடணுமா?"

"அமரலாம்னு போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூடிய சாலைகளின் பட்டியலோடு நான் கண்ணாடி அறையில் நின்றபோது அவள் வந்து தாளை வைத்தாள். மூன்றாவது கட்டத்தில் குறி. மேலாளர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்?

"மாத்திப் போட்டுட்டியாம்மா?"

"இல்ல சார். சரியாத்தான் போட்டிருக்கேன். தட்ட வேண்டியது நான். தட்டலை."

"கவனிக்கலையா?"

"கவனிச்சேன் சார். பலகை சிவப்பானதும் தெரியும். கையைத் தூக்கினேன்."

"அப்புறம் ஏன் தட்டலை?"

அவள் தாளை ஒரு விரலால் நேராக நகர்த்தினாள். பதில் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எனக்குக் கேக்கணும்போல இருந்துச்சு சார். பதினாலு வருஷமா எல்லாரையும் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். யாருக்கும் முடிவு தெரியாது. அந்தப் பெரியவர், 'பல்பு எரியுதான்னு பார்த்தேன், அது ஒரு வேலையாம்மா'ன்னு கேட்டார். அண்ணி என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. பலகை மறந்துபோச்சு. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா அது என்னாலதான். அவங்களால இல்ல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியுமில்ல? இதுல கையெழுத்துப் போட்டா பயிற்சிப் பதவி கிடையாது. இனிமே யாரையும் உன் பக்கத்துல உக்கார வைக்க முடியாது."

"தெரியும் சார்."

கையெழுத்துப் போட்டார். சட்டம் அது.

அண்ணி இதற்கு நன்றி சொல்லியிருப்பார் என்று நினைத்தீர்களா? பத்து நாள் பேசவில்லை. "நான் கேட்டேனா? என்னால இவ வேலை போச்சுன்னு நான் சாகுறவரைக்கும் சுமக்கணுமா?" என்று என்னிடம் கத்தினார். நான் பால்கனி ஓட்டையை அடைக்க வந்தவன். பெயிண்டர் மட்டும் கொஞ்சம் தெம்பாக இருந்தார். "ரெண்டு பேரும் இப்ப என்கிட்ட மட்டும்தான் பேசுறாங்க, தனித்தனியா. இந்த வீட்டுல எனக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததே இல்ல" என்றார்.

அண்ணியை ஐந்தாம் மேசைப் பெண்ணிடம் போட்டார்கள். இருபத்தாறு வயது, வாயில் எப்போதும் சூயிங்கம். முதல் நாளே, "நான் தட்ட மாட்டேங்க்கா, நீங்களா வைங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதை ஏன் நம்மாள் பன்னிரண்டு வாரம் யோசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கெட்டிக்காரிகளுக்குத் தங்கள் கைமேல் நம்பிக்கை அதிகம், அவ்வளவுதான். மூணாம் மேசை தன் மேசையில் தனியாக உட்கார்ந்து போன் எடுத்தாள். பக்கத்து நாற்காலியை எடுத்துக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் மாற்றல் கேட்டிருப்பார்கள்.

நான்கு வாரம் கழித்து அண்ணி ஏழாம் மேசையில் தனியாக உட்கார்ந்தார். அன்று காலை முறை, இரண்டு மணிக்கு முடிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்று பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். மழையெல்லாம் போய், தெருவில் வெயிலுக்குக் கண் கூசியது. பெயிண்டர் உருளைக்கிழங்கை உரித்து, வேகவைத்து, எங்களுக்காகக் காத்திருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

அண்ணி சாப்பிடவில்லை. கையில் உப்பை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இன்னிக்கு ஒரு அம்மா பேசிட்டிருக்கும்போதே போனை வச்சுட்டேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று முதலில் புரியவில்லை. நாத்தனாரைப் பார்த்துத்தான் சொன்னார். "வண்டி கிளம்பிடுச்சு. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன். ஒன்றேகால் நிமிஷம். 'கொஞ்சம் இரு கண்ணு, ஒண்ணு சொல்லணும்'னாங்க. வச்சுட்டேன்."

"பலகையில எத்தனை?"

"அஞ்சு."

"அப்போ சரிதான் அண்ணி."

"என்ன சொல்ல வந்தாங்களோ."

"தெரியாது."

"சரிதானே நான் செஞ்சது?"

"சரிதான்."

அண்ணி உப்பைத் தட்டில் உதறினார். "இது பழகிடுமாடி?"

மூணாம் மேசை சாப்பிடுவதை நிறுத்தினாள். பதினோரு பேரும் இதே கேள்வியைத்தான் அவளிடம் கேட்டிருப்பார்கள். ஏதோ ஒரு பதில் வைத்திருந்திருப்பாள். அண்ணிக்கு வேறு பதில் சொன்னாள்.

"பழகிடும் அண்ணி. எனக்கு நாலாவது வருஷமே பழகிடுச்சு. யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும், சொல்லலை. உங்களுக்குப் பழகினா என்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா நீ என்ன பண்ணுவே?"

"தெரியல அண்ணி" என்றாள் அவள். "நீங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் வைக்க மாட்டேன்."